எவ்வளவு குடுக்கும்? சின்ன டீசல் இன்ஜினின் இருபது வருஷக் கதை

இன்னிக்கு எபிசோட் ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. உங்க அப்பாவோ சித்தப்பாவோ முதல் கார் வாங்கப் போனப்ப ஷோரூம்ல என்ன கேட்டிருப்பாங்க? ஏர்பேக் எத்தனைன்னு கேட்டிருக்க மாட்டாங்க. "எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?" இதுதான் முதல் கேள்வி. 2010-ஐ ஒட்டி மாருதி இதையே ஒரு விளம்பரத் தொடராக எடுத்தாங்க. "கித்னா தேதி ஹை?" நம்ம ஊரு பாஷையில சொன்னா, எவ்வளவு குடுக்கும்?

கிட்டத்தட்ட இருபது வருஷம் இந்தக் கேள்விக்கு இந்தியாவுல ஒரே பதில்தான் இருந்தது. டீசல். 1998 டிசம்பர்ல டாடா இண்டிகா வந்தது. 2020 ஏப்ரல்ல மாருதி டீசல் கார் விக்கிறதையே நிறுத்தினாங்க. இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல சின்ன டீசல் கார்ங்கிற ஒரு முழு யுகம் வந்து போயிடுச்சு. இன்னிக்கு இருபத்தஞ்சு வயசுல கார் தேடுறவங்களுக்கு அது ஏதோ தாத்தா காலத்துச் சமாச்சாரம் மாதிரி தெரியும். ஆனா 2012-13ல இந்தியாவுல வித்த பயணிகள் வாகனங்கள்ல பாதிக்கும் மேல டீசல்.

எப்படி வந்தது, ஏன் போச்சு? இதைப் படிச்சுக்கிட்டே போனப்ப எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. அந்த மைலேஜ் நம்பரை இன்ஜின் தனியா குடுக்கல. மூணு பேர் சேர்ந்து குடுத்தாங்க: இயற்பியல், அரசாங்கத்தோட விலைக்கொள்கை, ஆய்வகத்தோட சோதனை முறை. நாலாவதா ஒரு கணக்கும் இருந்தது. அதை யாரும் ஸ்டிக்கர்ல போடல. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

முதல்ல இயற்பியல். பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

ருடால்ஃப் டீசல் தன்னோட இன்ஜினை ஓட்டிக் காட்டினது 1897ல, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துல. யோசனை எளிமையானது. காத்தை ரொம்ப அழுத்தினா அது சூடாகும். அந்தச் சூட்டுல எரிபொருளைத் தெளிச்சா தானா பத்திக்கும். ஸ்பார்க் பிளக் தேவையில்ல. பெட்ரோல் இன்ஜின்ல காத்தைப் பத்துல ஒரு பங்கா அழுத்துறாங்கன்னா, பழைய டீசல் கார்கள்ல இருபதுல ஒரு பங்குக்கும் கீழ அழுத்தினாங்க. அழுத்தம் கூடினா, எரியுற எரிபொருள்ல இருந்து கிடைக்கிற வேலையும் கூடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, நம்ம ஊரு ஓட்டத்துக்கு அதுதான் முக்கியம். பெட்ரோல் கார்ல நீங்க ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, உள்ள போற காத்தை ஒரு தகடு அடைக்குது. இன்ஜின் மூச்சுத் திணறிக்கிட்டே காத்தை இழுக்கணும். ஸ்ட்ராவைப் பல்லால கடிச்சுக்கிட்டு ஜூஸ் உறிஞ்சிப் பாருங்க, அப்படி. அந்த உறிஞ்சுறதுக்கே எரிபொருள் செலவாகும். டீசல்ல அந்தத் தகட்டு வேலை கிடையாது. காத்து தாராளமா உள்ள போகும், தெளிக்கிற டீசலோட அளவை மட்டும் குறைப்பாங்க. அதனால கார் மெதுவா ஊர்றப்பவும், சிக்னல்ல நிக்கிறப்பவும் டீசல் குடிக்கிறது ரொம்பக் கம்மி. டீசலோட லாபம் ஹைவேயைவிட டிராஃபிக்லதான் பளிச்சுனு தெரியும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுக்குத் திரும்பி வரணும்.

கூடவே ஒரு சின்ன ஏமாத்தும் இருக்கு. டீசல் பெட்ரோலைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் டீசல்ல ஒரு லிட்டர் பெட்ரோலைவிட சுமார் 12 சதவீதம் ஆற்றல் அதிகம். நாம லிட்டர்ல அளக்கிறதால, டீசலுக்கு அந்த 12 சதவீதம் சும்மாவே கிடைச்சுடுது. புகையிலயும் அதே கதைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 2.7 கிலோ.

இவ்வளவு நல்ல இன்ஜின்னா ஏன் முதல்லயே கார்ல வரல? கனம், சத்தம், நடுக்கம், புகை, மந்தம். 1936ல மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி வந்தப்ப அதைப் பிடிச்சுக்கிட்டவங்க டாக்சிக்காரங்க. 1976ல ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்ல 1.5 லிட்டர் டீசல் வச்சாங்க, 50 பிஎஸ். சின்ன ஹேட்ச்பேக்லயும் டீசல் வைக்கலாம்னு ஐரோப்பாவுக்குப் புரிய வச்ச கார் அது.

இண்டிகா: டாக்சி ஸ்டாண்டுல ஜெயிச்ச கார்

இந்தியாவுல அதுக்கு முன்னாடியே டீசல் கார் இருந்தது. அம்பாசடர் டீசல் ஓடிச்சு, பத்மினியிலகூட ஒரு டீசல் வந்தது. மாருதி தன்னோட ஜென், எஸ்டீம் கார்கள்ல பெஜோவோட 1.5 லிட்டர் டீசலை வச்சு வித்தாங்க. ஆனா டீசல் கார்னா எல்லாரும் வாங்குற பொருள்னு ஆக்கினது இண்டிகா.

1998 டிசம்பர் 30 அறிமுகம். 1405 சிசி, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. சக்தி 54 பிஎஸ்-ஐ ஒட்டி, இழுவிசை 85 நியூட்டன் மீட்டர். இன்னிக்கு ஒரு சாதாரண 1 லிட்டர் பெட்ரோல் கார்கூட இதைவிட வேகமா போகும். இருந்தாலும் சில வாரத்துலயே ஒரு லட்சத்துக்கும் மேல புக்கிங் குவிஞ்சது. ஆரம்பத்துல வந்த வண்டிகள் மேல தரம் சரியில்லைன்னு நிறைய புகார். டாடா அதைச் சரிபண்ணி 2001ல இண்டிகா வி2 கொண்டு வந்தாங்க. அப்புறம் பிடிச்சுது ஓட்டம்.

சென்னையில 2000-களில் கால் டாக்சியில போனவங்களுக்குத் தெரியும். இரவு ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஐடி, பிபிஓ ஆட்களுக்கும் தெரியும். பெரும்பாலும் வெள்ளை இண்டிகாதான் வாசல்ல நிக்கும். ஏசி போட்டா மேம்பாலம் ஏற முக்கும். ஓட்டுநர் ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஏத்துவார். ஆனா அதே மனுஷன் மாசக் கடைசியில டீசல் பில்லைப் பார்த்துத் திருப்தியா தலையாட்டுவார். அவருக்கு வேகம் முக்கியமில்ல. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவுங்கிறதுதான் அவரோட வீட்டு வாடகை, பிள்ளைங்க ஃபீஸ் எல்லாம்.

அந்த இன்ஜினுக்கு ஒரு தொழில்நுட்பக் குறையும் இருந்தது. டீசலை நேரா சிலிண்டர்ல தெளிக்காம, பக்கத்துல ஒரு குட்டி அறையில தெளிச்சுப் பத்த வைப்பாங்க. தீ அங்கிருந்து ஒரு குறுகலான வழியா சிலிண்டருக்குள்ள பாயும். சத்தம் குறையும், செலவும் குறையும். ஆனா அந்தக் குட்டி அறையோட சுவர்கள் சூட்டைத் தின்னுடும். நேரடியா தெளிக்கிற முறையோட ஒப்பிட்டா சுமார் 15 சதவீதம் எரிபொருள் வீண். அப்போ நேரடியா தெளிச்சா என்ன? லாரியில அப்படித்தான் பண்ணாங்க, ஆனா கார்ல அந்தச் சத்தத்தை யாரும் தாங்க மாட்டாங்க. அதுக்கு ஒரு வழி வேணும். அந்த வழி இத்தாலியில பிறந்தது.

இத்தாலியில பிறந்து மானேசர்ல வளர்ந்தது

காமன் ரெயில்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கார்ல பின்னாடி "சிஆர்டிஐ"னு எழுதியிருக்குமே, அதுல "சிஆர்" இதுதான். ஒரு பொதுக் குழாய்ல டீசலை 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்துல தயாரா வச்சிருப்பாங்க. உங்க கார் டயர்ல இருக்கிறது 2 பார் சொச்சம், ஒப்பிட்டுப் பாருங்க. அந்தக் குழாய்ல இருந்து கம்ப்யூட்டர் சொல்ற நொடியில, சொல்ற அளவுல இன்ஜெக்டர் தெளிக்கும். ஒரே தடவையா கொட்டாம முதல்ல ஒரு துளி, அப்புறம் மீதின்னு பிரிச்சுத் தெளிச்சா வெடிப்பு மென்மையாகும், சத்தம் அடங்கும்.

கார்களுக்கான காமன் ரெயிலை உருவாக்குறதுல பெரும்பங்கு ஃபியட் குழுமத்தோடது. ஆனா அதை உற்பத்தி நிலைக்குக் கொண்டுபோக பணமும் ஆளும் தேவைப்பட்டது. தொழில்நுட்பத்தை ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்கு வித்துட்டாங்க. 1997ல ஆல்ஃபா ரோமியோ 156ல முதல் தடவையா அது சாலைக்கு வந்தது. 2003ல ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ஒரு குட்டி இன்ஜினை வெளியிட்டாங்க. 1248 சிசி, நாலு சிலிண்டர், ஒரு சுழற்சிக்கு அஞ்சு தடவை வரைக்கும் பிரிச்சுத் தெளிக்கும். பேரு 1.3 மல்ட்டிஜெட். 2005ல அதோட பிரிவுல உலகத்தின் சிறந்த இன்ஜின் விருதை வாங்கினது.

அந்த இன்ஜின் பிறந்தது ஐரோப்பாவுல, வாழ்ந்தது இந்தியாவுல. சுசூகி உரிமம் வாங்கி ஹரியானாவின் மானேசர்ல தயாரிச்சாங்க. 2007 ஜனவரியில ஸ்விஃப்ட் டீசல் வந்தது. ஃபியட்டும் டாடாவும் கூட்டா புனே பக்கத்துல ராஞ்சன்காவ்ல தயாரிச்சாங்க. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, மான்சா, ஜெஸ்ட், போல்ட், புன்ட்டோ, லீனியா. ஒண்ணுக்கொண்ணு போட்டியா இருந்த கம்பெனிகளோட பானெட்டைத் திறந்தா உள்ள ஒரே இன்ஜின். ஆட்டோ பத்திரிகைக்காரங்க இதுக்கு "தேசிய இன்ஜின்"னு செல்லப் பேரே வச்சுட்டாங்க.

ஓட்டுறதுக்கு எப்படி இருந்தது? ஸ்விஃப்ட் டீசல்ல 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர். அதே ஸ்விஃப்ட்டோட 1.2 லிட்டர் பெட்ரோல்ல 85 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர். அதாவது ஹைவேல நாலாவது கியர்ல லாரியை ஓவர்டேக் பண்ண டீசல்தான் ராஜா. கியரை மாத்தாமலே இழுக்கும். ஆனா அந்த 190-ம் டர்போ முழிச்ச பிறகுதான். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழ இன்ஜின் தூங்கும். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி ரெண்டாவது கியர்ல காலை அழுத்தினா ஒண்ணும் நடக்காது, ஒரு நொடி கழிச்சுத் திடீர்னு பாயும். மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுல முதல் கியருக்கு வந்தே ஆகணும். சிட்டியில ஓட்டுறவங்க கிளட்ச்லயே வாழ்ந்தாங்க. பேப்பர்ல இருக்கிற நம்பருக்கும் கையில கிடைக்கிற ஓட்டத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளி இது.

இந்த ஓட்டத்துல தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 2010ல மறைமலை நகர்ல இருந்து ஃபோர்டு ஃபிகோ 1.4 லிட்டர் டீசலோட வந்தது. ஒரகடத்துல ரெனோ-நிஸான் ஆலையில 1.5 லிட்டர் டீசல் வச்ச மைக்ரா வந்தது. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 2013ல கிராண்ட் ஐ10-க்கு 1.1 லிட்டர், மூணு சிலிண்டர் டீசல் வச்சாங்க. செவர்லே பீட்ல 1 லிட்டருக்கும் கீழ ஒரு டீசல். உச்சகட்டமா 2015ல மாருதி செலெரியோவுல 793 சிசி, வெறும் ரெண்டு சிலிண்டர், 47 பிஎஸ் டீசல். சோதனை மைலேஜ் 27.62. ஓட்டினா ஆட்டோ மாதிரி அதிரும். ரெண்டே வருஷத்துல நிறுத்திட்டாங்க.

32 ரூபாய்

ஏன் எல்லாரும் இப்படிப் போட்டி போட்டு டீசலைச் சின்னதாக்கினாங்க? இங்கதான் அரசாங்கம் உள்ள வருது.

முதல்ல வரி. 2006 பட்ஜெட்ல நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்துல இருந்து 16 சதவீதமா குறைச்சார். சின்ன கார்னா எது? நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள. இந்திய கார்களோட உருவத்தையே செதுக்கின வரி இது. டிசையரோட டிக்கியை 2012ல வெட்டினது இதுக்காகத்தான்.

ரெண்டாவது, எரிபொருள் விலை. டீசல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் வேணும், விலை ஏறினா அரிசி பருப்பு விலை ஏறும்னு அரசாங்கம் அதைக் கீழயே பிடிச்சு வச்சிருந்தது. 2010 ஜூன்ல பெட்ரோல் விலையை மட்டும் சந்தைக்கு விட்டுட்டாங்க, டீசலை விடல. இடைவெளி விரிஞ்சுக்கிட்டே போச்சு. 2012 மே மாசம் ஒரே ராத்திரியில பெட்ரோல் விலையை ஏத்தினதும் டெல்லியில பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்!

இப்போ நாமளே ஒரு கணக்குப் போடுவோம். பெட்ரோல் கார் நிஜத்துல 14 குடுக்குது, அதே காரோட டீசல் 18 குடுக்குதுன்னு வச்சுக்குவோம். 2012 விலையில பெட்ரோல் காருக்கு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 23 காசு. டீசல் காருக்கு 2 ரூபாய் 27 காசு. மிச்சம் 2 ரூபாய் 96 காசு. டீசல் கார் வாங்க ஒரு லட்சம் கூடுதலா குடுத்திருந்தா, சுமார் 34,000 கிலோமீட்டர்ல போட்ட காசு வந்துடும். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு மூணு வருஷத்துக்குள்ள.

சரி, அந்த 2 ரூபாய் 96 காசை யார் குடுத்தா? டீசலும் பெட்ரோல் விலையிலயே வித்திருந்தா டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 7 காசு ஆகியிருக்கும். மிச்சம் வெறும் 1 ரூபாய் 16 காசு. அதாவது இன்ஜினோட திறமை சம்பாதிச்சது 1 ரூபாய் 16 காசுதான். மீதி 1 ரூபாய் 80 காசு விலை வித்தியாசம் குடுத்தது. நம்ம வீட்டுல எல்லாரும் "டீசல் இன்ஜின் மிச்சம் பண்ணுது"ன்னு சொன்னப்ப, அதுல பெரிய பங்கு கஜானாவுல இருந்து வந்தது.

அந்தக் கஜானாப் பணம் யாருக்காக ஒதுக்கினது? விவசாயிக்கும் ஏழைக்கும். 2014 ஜனவரியில மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தோட ஆய்வுப் பிரிவு, நீல்சன் நிறுவனம் மூலமா செஞ்ச ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டாங்க. நாட்டுல சில்லறையா விக்கிற டீசல்ல விவசாயத்துக்குப் போறது சுமார் 13 சதவீதம். சொந்த கார்களுக்கும் ஜீப்களுக்கும் போறது? அதுவும் சுமார் 13 சதவீதம். வாடகைக் கார்கள் இது போக தனியா 9 சதவீதத்தை ஒட்டி. இந்த அநியாயம் தெரியாம நடந்ததுன்னும் சொல்ல முடியாது. கிரித் பாரிக் தலைமையிலான நிபுணர் குழு 2010லயே, டீசல் காருக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி போடுங்கன்னு சொன்னது. போடல.

26 நொடி

மூணாவது ஆள், ஆய்வகம்.

2017 டிசையர் டீசலோட அதிகாரபூர்வ மைலேஜ் 28.4. ஹோண்டா அமேஸ் டீசல் 25.8. உங்க வீட்டுல அமேஸோ டிசையரோ இருந்திருந்தா இந்த நம்பரைக் கேட்டு இப்போ சிரிப்பீங்க. ஆனா கம்பெனிக்காரங்க பொய் சொல்லல. அந்த மைலேஜ் நிஜமாவே கிடைச்சது, ஒரு குறிப்பிட்ட அறைக்குள்ள.

காரை உருளைகள் மேல நிறுத்தி, எந்த நொடியில எந்த வேகம்னு ஒரு அட்டவணைப்படி ஓட்டுவாங்க. இந்தியாவுல இருந்த அட்டவணை பழைய ஐரோப்பிய சோதனையோட மாற்று வடிவம். மொத்தம் 1180 நொடி. அதிகபட்ச வேகம் 90. ஏசி ஆஃப். காத்து கிடையாது, மேடு கிடையாது, ஹார்ன் அடிக்கிற பஸ் கிடையாது. நின்ன இடத்துல இருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 நொடி எடுத்துக்குவாங்க. அண்ணா சாலையில பச்சை விழுந்து 26 நொடியில 50-ஐ எட்டிப் பாருங்க. பின்னாடி இருக்கிறவங்க உங்க பரம்பரையையே விசாரிப்பாங்க.

சின்ன டர்போ டீசலுக்கு இந்தச் சோதனை மடியில வச்சுத் தாலாட்டுற மாதிரி. டர்போவுக்குப் பெருசா வேலையே வராது, இன்ஜின் பாதித் தூக்கத்துல ஓடும். நான் முன்னாடி சொன்னேனே, மெதுவா ஊர்றப்ப டீசல் குடிக்கிறது கம்மின்னு. அதுதான் இங்க மார்க் வாங்கிக் குடுக்குது. சாலையில டர்போவை எழுப்ப அழுத்தி ஓட்டுவோம், ஏசி போடுவோம், 100-ல போவோம். மார்க் குறையும்.

ஐரோப்பாவுலயும் இதே கதைதான். ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு அங்க ஆய்வக மைலேஜையும் சாலை மைலேஜையும் வருஷா வருஷம் ஒப்பிட்டது. 2001ல இடைவெளி சுமார் 9 சதவீதம். 2015ல 40 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. கார்கள் சோதனைக்குப் படிக்கக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. ஸ்டிக்கர்ல போட்ட மைலேஜ் நிஜமாவே கிடைச்சிருந்தா டீசல் வாங்குறது கம்மி லாபம்! பெட்ரோல் டிசையருக்கு 22, டீசலுக்கு 28.4 வச்சு, அதே 2012 விலையில கணக்குப் போட்டா மிச்சம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 89 காசுதான். போட்ட லட்சம் வர 53,000 கிலோமீட்டர் ஆகும். ரெண்டு காரும் நிஜத்துல அதிகமா குடிக்கிறதாலதான் விலை குறைஞ்ச எரிபொருளுக்கு லாபம் கூடுது. டிராஃபிக் மோசமாக மோசமாக டீசல்காரர் ஜெயிச்சார்.

ஸ்டிக்கர்ல வராத கணக்கு

இப்போ நாலாவது கணக்கு. டீசல் நல்லா மிச்சம் பண்றது டிராஃபிக்லன்னு சொன்னேன். டிராஃபிக்னா என்ன? நெருக்கமா மனுஷங்க இருக்கிற இடம். பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், டீக்கடை. டீசல் அதிக சூட்டுலயும் அதிக காத்துலயும் எரியுறதால நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். சரியா கலக்காத இடத்துல கரித்துகள் உண்டாகும். நம்ம பர்ஸுக்கு எங்க அதிகம் மிச்சமோ, அங்கதான் அடுத்தவங்க நுரையீரலுக்கு அதிக செலவு.

2012 ஜூன். 32 ரூபாய் இடைவெளிக்கு அடுத்த மாசம். டீசல் கார் விற்பனை உச்சத்துல. அதே மாசம் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியாக வகைப்படுத்தியது. ஷோரூம்ல அதைப் பத்தி யாரும் பேசின மாதிரி தெரியல.

2015ல ரெண்டு அடி. ஏப்ரல்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில பத்து வருஷத்துக்கு மேலான டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டது. செப்டம்பர்ல ஃபோக்ஸ்வாகன் மோசடி வெளிய வந்தது. சோதனை நடக்குதுன்னு கார் கண்டுபிடிச்சா புகையைக் கட்டுப்படுத்தும், சாலைக்கு வந்தா விட்டுடும். அப்படி ஒரு மென்பொருள், உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள்ல. இதைப் பிடிக்க வழி வகுத்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அவங்க செஞ்சது ரொம்ப எளிமை. புகை அளக்கிற கருவியை டிக்கியில வச்சு, காரை நிஜ சாலையில ஓட்டினாங்க. ஒரு காரோட நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதிச்ச அளவைவிட 15 முதல் 35 மடங்கு இருந்தது.

இந்தியாவுல கதையை முடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு விலை. 2013 ஜனவரியில இருந்து டீசலை மாசம் சுமார் 50 காசு வீதம் ஏத்திக்கிட்டே வந்தாங்க. 2014 அக்டோபர்ல முழுசா சந்தைக்கு விட்டாங்க. இடைவெளி சுருங்கிக்கிட்டே வந்து, 2020 ஜூன் 24 அன்னிக்கு டெல்லியில டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் பெட்ரோலைத் தாண்டிடுச்சு! நம்ம பழைய கணக்கை இந்த விலையில போடுங்க. மிச்சம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 26 காசு. போட்ட லட்சம் திரும்ப 79,000 கிலோமீட்டர், மாசம் 1,000 வீதம் ஆறரை வருஷம்.

ரெண்டாவது பிஎஸ்-6. பிஎஸ்-5-ஐ மொத்தமா தாண்டி 2020 ஏப்ரல் 1ல நேரா இதுக்குக் குதிச்சோம். டீசல் காரோட நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம்ல இருந்து 0.08 ஆச்சு. கரித்துகள் 0.025ல இருந்து 0.0045. இதுக்கு வடிகட்டி வேணும், நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்கத் தனி அமைப்பு வேணும். பத்துப் பன்னிரண்டு லட்ச ரூபாய் காருக்கு அந்தச் செலவு பரவாயில்ல. ஆறு லட்ச ரூபாய் காருக்கு முதுகை முறிக்கும். அந்த வடிகட்டியில சேர்ற கரியை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேணும், அதுக்குக் கொஞ்ச நேரம் நிக்காம ஓட்டணும். தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போய் வர்றவர் காருல டாஷ்போர்டு விளக்கு எரியும். டிராஃபிக்ல ராஜாவா இருந்த இன்ஜின் டிராஃபிக்லயே மூச்சு முட்ட ஆரம்பிச்சுது.

2019 ஏப்ரல்ல மாருதி அறிவிச்சாங்க, அடுத்த வருஷத்துல இருந்து டீசல் இல்லைன்னு. 1.3 மல்ட்டிஜெட்டும் பிஎஸ்-4 காலத்தோட விடைபெற்றது. டாடா ஆல்ட்ராஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு கார்கள் தாக்குப் பிடிச்சன. மத்தபடி டீசல் பெரிய எஸ்யூவிகளுக்குள்ள ஒதுங்கிடுச்சு. டாக்சி ஸ்டாண்டுல அந்த இடத்தை சிஎன்ஜி பிடிச்சுக்கிட்டு வருது.

இதுல அந்த இண்டிகா ஓட்டுநரை நான் வில்லன் ஆக்க விரும்பல. அவருக்கு முன்னாடி இருந்த கணக்குப்படி அவர் எடுத்தது சரியான முடிவு. அந்தக் கணக்குல சில வரிகளை எழுதாம விட்டது அவர் இல்ல. விலையை வச்சவங்க, சோதனையை வகுத்தவங்க, 80,000 ரூபாய் வரியைப் படிச்சுட்டு மூடி வச்சவங்க. புகைக்கான பில் மட்டும் பஸ் ஸ்டாப்ல நின்னவங்களுக்குப் போச்சு.

இப்போ நீங்க கார் பார்க்கப் போறீங்க. சிஎன்ஜி, ஹைபிரிட், எலெக்ட்ரிக்னு புதுப் புது நம்பர் காட்டுவாங்க. ரேஞ்ச் இவ்வளவு, மைலேஜ் இவ்வளவு. அந்த நம்பரை எந்த அறையில அளந்தாங்க, அதுல எவ்வளவு இன்ஜினோடது, எவ்வளவு இன்னிக்கு இருக்கிற வரியோடதுன்னு கேளுங்க. வரி மாறும். கார் உங்ககூட பத்து வருஷம் இருக்கும்.

உங்க வீட்டுல பழைய டீசல் கார் இருந்தா, அது நிஜமா எவ்வளவு குடுத்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. டேங்க் டு டேங்க் கணக்கா இருந்தா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.